ஒரு கூண்டில் இரண்டு ஓணான்கள்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, பின்பு குத்துகிறது, குடைகிறது என்று புலம்பியவனைப் பற்றிய பழமொழியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இலர். அப்பழமொழி ஓர் ஆடி மாதத்து மாலையில் மைசூருவில் உள்ள ஒரு வீட்டில் ஒலித்தது. சொன்னவர், திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டிற்கு வந்து தங்கியிருந்த ஆச்சி. அவருக்கு எதிரே, கூடத்தின் மூலையில், ஆள் உயரக் கம்பிக்கூண்டு ஒன்று நின்றது. அதற்குள் இரண்டு ஓணான்கள் இருந்தன. அவை வேலியோரத்து ஓணான்கள் அல்ல. வாலையும் சேர்த்து அளந்தால் பெரியது ஒரு மீட்டரைத் தாண்டும்.

ஆச்சியின் மகன் அசோகபுரம் இரயில்வே பணிமனையில் பணிபுரிபவர். அவருடைய மைத்துனருக்குத் திடீரென வெளிநாட்டில் வேலை அமைந்தது. குட்டியிலிருந்து இரண்டரை ஆண்டுகள் வளர்த்த உயிர்களை எங்கே விடுவது என்று கலங்கிய மைத்துனர், எட்டாம் வகுப்பில் பயிலும் அக்காள் மகளிடம் அவற்றை ஒப்படைத்தார். "இரண்டும் ஒரே நாளில் முட்டையிலிருந்து வந்த அண்ணன் தம்பி, பாப்பா. ஒன்றைவிட்டு ஒன்று இருக்காது, பிரித்துவிடாதே" என்று சொல்லி விடைபெற்றார். பெரியதற்குப் பெரியவன் என்றும் சிறியதற்குச் சின்னவன் என்றும் அவரே பெயரிட்டிருந்தார். அவர் சொன்ன சொற்களில் இரண்டு பிழைகள் இருந்தன. அவற்றைக் கண்டறிய அவ்வீட்டாருக்கு எட்டு மாதங்கள் தேவைப்பட்டன.

அவை பச்சை இகுவானாக்கள். நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஆற்றோர மரங்களில் வாழும் இனம். தோற்றம் அச்சமூட்டினாலும் உணவு முழுவதும் இலையும் பூவும் காயுமே. முதுகில் சீப்பின் பற்களைப் போன்ற முட்கள் வரிசையாக நிற்கும். தாடையின் கீழே விசிறிபோல் விரியும் தோல்மடல் ஒன்று தொங்கும். உச்சந்தலையில் வெளிறிய செதில் ஒன்று காணப்படும். அதன் அடியில் இருப்பது, உருவங்களைக் காணாது ஒளியையும் இருளையும் மட்டும் உணரும் மூன்றாவது கண். இதைக் கேட்டதும் ஆச்சி, "நெற்றிக்கண்ணா!" என்று ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பின்பு அவர் அந்தப் பழமொழியைச் சொல்வது சற்றுக் குறைந்தது.

பக்கத்து வீட்டு அம்மையார் கூண்டைப் பார்த்துவிட்டு, "அய்யோ, ஓதிக்யாத!" என்றார். ஓணானுக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர் அது. பள்ளித் தோழியர் இந்தியில் 'கிர்கிட்' என்றனர். மூன்று மொழிகளிலும் அச்சொல்லைப் பெரும்பாலோர் முகம் சுளித்தபடியே சொன்னார்கள் என்பதைச் சிறுமி கவனித்தாள். கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வி, பறக்கும் ஓதி ஒன்றைத் தேடிக் காட்டுக்குள் செல்வோரைப் பற்றி 'கர்வாலோ' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார் என்று அவளுடைய கன்னட ஆசிரியை சொன்னபோதுதான் வகுப்பில் சுளிப்புக் குறைந்தது.

இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வீட்டில் வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2024இல் வந்த விதிகளும் அவ்வாறு கூறுகின்றன. கைமாற்றத்தையும், குட்டிகள் பிறந்தால் அதனையும், இறந்தால் அதனையும் தெரிவிக்க வேண்டும். மைத்துனர் புறப்படுமுன் அந்த வேலையை ஒழுங்காக முடித்திருந்தார். நம் நாட்டு உடும்பையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வளர்ப்பது குற்றம். அதற்குப் பதிவும் கிடையாது.

முதல் சில மாதங்கள் இனிதே கழிந்தன. காலையில் முருங்கைக் கீரை, செம்பருத்திப் பூ, துருவிய பூசணி ஆகியவற்றை ஒரு தட்டில் வைப்பாள் சிறுமி. கூண்டின் மேற்பகுதியில் வெப்ப விளக்கு ஒன்றும், அதன் அடியில் கொய்யாக் கிளை ஒன்றும் இருந்தன. ஊர்வனவற்றின் உடல் தானாக வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. தின்ற இலை செரிப்பதற்கும் வெப்பம் வேண்டும். ஆதலால் தின்றதும் இரண்டும் அந்தக் கிளையில் ஏறிப் படுக்கும். சின்னவன் கீழே கிடக்க, பெரியவன் அதன் முதுகின்மேல் மார்பைச் சாய்த்துக் கண்மூடிக் கிடக்கும். காண்போர் உள்ளம் நெகிழும் காட்சி அது. சிறுமி அதனைப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்புவாள். அவர் அங்கிருந்து, "பார்த்தாயா, அண்ணன் தம்பி பாசம்!" என்று பதில் எழுதுவார். வீட்டில் ஓயாமல் சண்டையிடும் தம்பிக்கும் அவளுக்கும் அம்மா அந்தக் கூண்டையே எடுத்துக்காட்டாகச் சொல்லலானார். "வாயில்லாச் சீவன், அதற்கு இருக்கிற ஒற்றுமை உங்களுக்கு இல்லையே" என்பார்.

அதே நாட்களில் வீட்டுப் பின்புறச் சுவரின்மேல் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. மழைக்காலம் தோட்டத்து ஓணான்களின் இனப்பெருக்கக் காலம். ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச்செவேலெனச் சிவந்துவிடும். கழுத்தின் இருபுறமும் கரும்புள்ளி தோன்றும். அது உயரமான இடத்தைத் தேர்ந்துகொண்டு, தண்டால் எடுப்பவனைப்போல முன்னங்கால்களை மடக்கி நிமிர்த்தும்; தலையை அசைக்கும். சிற்றூர்ச் சிறுவர்கள், ஓணான் தங்களைப் பழிக்கிறது என்று எண்ணிக் கல்லெறிவது இந்த அசைவைக் கண்டுதான். பாவம், அது சிறுவர்களைப் பொருட்டாகவே கருதுவதில்லை. 'இவ்விடம் எனக்குரியது' என்று மற்ற ஆண்களுக்கும், 'நான் இங்கிருக்கிறேன்' என்று பெண்களுக்கும் அறிவிக்கிறது, அவ்வளவே.

ஒருநாள் அச்சுவருக்கு இரண்டாவது ஆண் ஒன்று வந்தது. இரண்டும் உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, ஒன்றையொன்று சுற்றின. பின்பு கவ்விக்கொண்டு சில நொடிகள் புரண்டன. தோற்றது சட்டென நிறம் மங்கி, சுவரைத் தாண்டி, பக்கத்து மனையின் புதருக்குள் மறைந்தது. வென்றது துரத்திச் செல்லவில்லை. சுவரின் எல்லைவரை சென்று நின்றுவிட்டது.

ஆடி வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலையில் கூட்டம் பெருகும். ஆச்சியை அழைத்துக்கொண்டு படிகளில் ஏறியபோது, நந்திக்கு அருகில் இருந்த வெயில் காயும் பாறைகளில் மற்றோர் இனத்தைச் சிறுமி கண்டாள். அது பாறை ஓணான். பெண் பாறையின் நிறத்திலேயே இருக்கும். பருவ காலத்து ஆணோ தொலைவிலிருந்தே கண்ணைப் பறிக்கும். இவ்வினத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கரும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பெண்ணை நாடும்போது ஆணின் முதுகுப் பட்டை சிவக்கிறது, பக்கங்கள் கருமையாகின்றன. மற்றோர் ஆணை எதிர்க்கும்போதோ முதுகு மஞ்சளாகவும் பக்கங்கள் செம்மஞ்சளாகவும் மாறுகின்றன. அம்மாற்றம் மிக விரைவாக நிகழ்கிறது. சண்டையில் ஈடுபடுமுன்னரே நிறம் செய்தி சொல்லிவிடுகிறது. செய்தியைப் புரிந்துகொண்ட எளியது விலகிவிடுகிறது. மலை முழுவதும் பாறைகள் இருப்பதால் விலகிச் செல்வதற்கு இடத்திற்குக் குறைவில்லை.

சுவரையும் மலையையும் பார்த்த சிறுமிக்குக் கூண்டில் உள்ளவை மட்டும் வேறு வகையான உயிர்களாகத் தோன்றின. அங்கே சண்டையே இல்லையே!

மார்கழி பிறந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூருவில் அந்த மாதத்து இரவுகள் குளிர்ந்தவை. தந்தை விளக்கின் வெப்பத்தைச் சற்றுக் கூட்டினார். சில நாட்களில் பெரியவனின் முன்னங்கால்கள் செம்மஞ்சள் நிறம் கொண்டன; பின்பு தோளும் முதுகும் அந்நிறமாயின. நோயோ என்று வீட்டார் அஞ்சினர். ஆனால் அது முன்னினும் மிடுக்காக இருந்தது. தாடை மடலை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. கண்ணாடிச் சாளரத்தில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துச் சீறியது. தட்டு வைக்கப்போன தந்தையின் கையைக் கவ்விவிட்டது. இகுவானாவின் பற்கள் சிறியவை. ஆயினும் ரம்பம்போல் கூரியவை. அவருக்கு விரலில் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. ஆச்சி பழமொழியைச் சொல்லாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

பெரியவனின் மீது அனைவர் கண்ணும் இருந்தமையால் சின்னவனை ஒருவரும் நோக்கவில்லை. அது கூண்டின் அடித்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. வால் அடி மெலிந்திருந்தது. பிடரியில் பற்குறிகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைக் கழுவும்போதுதான் சிறுமி அவற்றைக் கண்டாள். மாமா சொன்னதை எண்ணி அவள் முதலில் செய்தது, சின்னவனைத் தூக்கிப் பெரியவனின் அருகில் கிளையில் வைத்ததுதான். பெரியவன் கடிக்கவில்லை. தலையை ஒருபுறம் திருப்பி, ஒரு கண்ணால் நோக்கியது, அவ்வளவே. சின்னவன் கிளையிலிருந்து கீழே குதித்துவிட்டது.

மறுநாள் இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து, ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றனர். அவர் முதலில் இரண்டின் எடையையும் எடுத்தார். மைத்துனர் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பேட்டில் இருந்த எடையோடு ஒப்பிட்டபோது, பெரியவன் வளர்ந்திருந்தது, சின்னவனோ குறைந்திருந்தது. ஒரே தட்டு, ஒரே விளக்கு, ஒரே வீடு. ஆயினும் ஒன்று தின்று வளர, மற்றொன்று அதன் கண்ணெதிரே மெலிந்திருக்கிறது.

"இவை சண்டை போட்டதே இல்லை, டாக்டர்" என்றார் தந்தை.

"போட வேண்டிய தேவையே இருந்திருக்காது, சார்" என்றார் மருத்துவர். தட்டின் அருகில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே எளியது பின்வாங்கிவிடும் என்று அவர் விளக்கினார். விளக்கின் அடியில் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்த படத்தைச் சிறுமி ஆவலோடு காட்டினாள். அவர் அதனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, வெப்பமும் ஒளியும் மிகுதியாகக் கிடைக்கும் மேல் இடத்தை வலியது பிடித்துக்கொள்கிறது என்றும், கீழே கிடப்பதன்மீது அதன் நிழலே விழுகிறது என்றும் கூறினார். அந்தப் படத்தில் சின்னவனின் கண்கள் மூடியிருந்தன. அதனை உறக்கம் என்று அதுவரை அனைவரும் எண்ணியிருந்தனர். அஞ்சிய இகுவானாவும், விலகிச் செல்ல இடமில்லாதபோது, கண்ணை மூடிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டு வந்த அன்பு அவ்வாறு ஒரு நொடியில் வேறொன்றாக மாறியது. சிறுமி அழவில்லை. ஆனால் வீடு திரும்பும்வரை பேசவுமில்லை.

ஏறிப் படுப்பது எப்போதும் அடக்குமுறை என்றும் கொண்டுவிடக் கூடாது. வெனிசுலா நாட்டில் ஹெசுஸ் ரிவாஸ், லூயிஸ் லெவின் என்னும் ஆய்வாளர்கள், ஒரே கூட்டில் பொரித்த இகுவானாக் குஞ்சுகளுக்கு மேலே பருந்து போன்ற உருவத்தை ஓட்டிப் பார்த்தனர். சில ஆண் குஞ்சுகள் ஓடுவதற்கு மாறாகத் தம் உடன்பிறந்த பெண் குஞ்சுகளின்மேல் படுத்து அவற்றை மறைத்தனவாம். எனவே அண்ணன் தம்பி பாசம் என்று மைத்துனர் சொன்னது முழுப் பொய்யன்று. அது குஞ்சுப் பருவத்திற்கு உரியது. உடல் முதிர்ந்து, பருவம் வந்து, ஒரே விளக்கும் ஒரே கிளையும் எஞ்சியபோது, பழைய படுக்கை மட்டும் தொடர்ந்தது, பொருள் மாறிவிட்டது.

மைத்துனரின் மற்றொரு பிழையையும் மருத்துவரே கண்டறிந்தார். இகுவானாவின் தொடையின் அடிப்புறத்தில் துளைகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கும். முதிர்ந்த ஆணுக்கு அவை பெரியவை. அவற்றிலிருந்து மெழுகு போன்ற பொருள் கசியும். தான் நடமாடும் கிளைகளில் அதனைத் தேய்த்து, ஆண் தன் எல்லையைக் குறிக்கும். பெரியவனின் தொடையில் அவை மிளகளவு தடித்திருந்தன. சின்னவனின் தொடையிலோ ஊசிமுனைப் புள்ளிகளாகவே இருந்தன. குட்டிப் பருவத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கடினம். சின்னவன், சின்னவள்.

பிடரியில் இருந்த பற்குறிகளுக்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது. இகுவானா ஆண் கூடும்போது பெண்ணின் பிடரியைக் கவ்விப் பிடிக்கும். காட்டில் பெண் விரும்பாவிட்டால் மரக்கிளையிலிருந்து ஆற்றில் குதித்து நீந்திச் சென்றுவிடும். கூண்டில் ஆறு இல்லை.

அன்றே இரண்டும் பிரிக்கப்பட்டன. பழைய கூண்டு பெரியவனுக்கு. சின்னவளுக்குப் பின்கட்டு அறையில் தந்தையும் பணிமனை நண்பர் ஒருவரும் சேர்ந்து செய்த புதிய கூண்டு. வெறும் கம்பியால் பிரித்தால் போதாது, பார்வையே படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலியதன் பார்வை பட்டுக்கொண்டே இருந்தால் கம்பிக்கு அப்பால் இருப்பதும் தின்னாது. மூன்றாம் நாள் சின்னவள் செம்பருத்திப் பூ ஒன்றை எடுத்தாள். ஒரு வாரத்தில் தட்டு காலியாகத் தொடங்கியது. பெரியவனோ பல நாட்கள் கூண்டின் நான்கு மூலைகளிலும் அலைந்து தேடியது. அதனைப் பிரிவுத் துயரம் என்று சொல்ல அம்மாவுக்கு ஆசைதான். ஆனால் ஒருமுறை ஏமாந்த பின்பு அந்தச் சொல்லைக் கையாள எவருக்கும் துணிவு வரவில்லை.

பருவம் என்பது உள்ளிருந்து மட்டும் எழுவதன்று. தார்வாடு நகரில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் தோட்டத்து ஓணான்களைச் சிறு குழுக்களாக வைத்து ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். ஆணும் பெண்ணும் ஒருங்கிருந்தபோது இனப்பெருக்கத்திற்கு உரிய உடல் வளர்ச்சி நன்கு நிகழ்ந்தது; ஆண்களை மட்டும், அல்லது பெண்களை மட்டும் வைத்தபோது பின்தங்கியது. ஒன்றின் உடனிருப்பு மற்றொன்றின் உடலைத் தூண்டுகிறது. இகுவானாவின் செய்தி சற்று வேறானது. பகலின் நீளம் அதற்குப் பெரிய நாட்காட்டி. மைசூருவில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாடும் அதற்குப் போதும். ஆணையே காணாது தனித்து வளரும் பெண் இகுவானாவும் பருவம் வந்தால் கருவற்ற முட்டைகளை உண்டாக்கிக்கொள்ளும். வளர்ப்போர் பலர் இதனை அறியாமல் இருப்பதுதான் பல பெண் இகுவானாக்களின் உயிருக்குக் கேடாகிறது.

மாசி மாதத்தில் அந்தக் கேடு இவ்வீட்டின் வாயிலுக்கும் வந்தது. நன்கு தின்றுவந்த சின்னவள் திடீரென உணவைத் தொடவில்லை. வயிறு மட்டும் பக்கங்களில் புடைத்திருந்தது. இரவு பகல் பாராமல் கூண்டின் மூலைகளைப் பிறாண்டினாள். நகங்களிலிருந்து இரத்தம் கசிந்தது. பெரியவனைத் தேடுகிறாள் என்றார் அம்மா. வெளியே போகத் துடிக்கிறாள் என்றான் தம்பி. மருத்துவர் வெளியூர் சென்றிருந்தார். சிறுமி கூண்டின் அருகிலேயே பாயை விரித்துப் படுத்தாள்.

நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்துவந்த ஆச்சி, முதன்முறையாக அந்தக் கூண்டின்முன் உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பேத்தியைத் தட்டி எழுப்பினார்.

"ஏளா, இது சீக்கு இல்லை. முட்டைக்கு இடந்தேடுது. நம்ம கருப்புக் கோழி அரிசிப் பானைக்குப் பின்னாலே இப்படித்தான் பிறாண்டும். இடம் கிடைக்காட்டா முட்டை உள்ளேயே நின்னு செத்துப்போகும். உங்க அப்பாவை எழுப்பு."

தந்தை எழுந்துவந்தார். "மண்ணு வேணும், எய்யா. ஈரமண்ணு. கைக்குப் பிடிச்சா உருண்டை நிக்கணும்; தண்ணி சொட்டக்கூடாது" என்றார் ஆச்சி. இரவு ஒரு மணிக்கு, மாடியில் கிடந்த நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் கீழே வந்தது. வீட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த மணலும் தோட்டத்து மண்ணும் கலக்கப்பட்டன. டிரம்மைப் படுக்கையாகக் கிடத்தி, பாதிக்குமேல் ஈரமண் நிரப்பி, வாயைப் பழைய போர்வையால் மூடி, உள்ளே செல்லும் அளவிற்கு ஓர் இடைவெளி விட்டனர். இருட்டாக இருந்தால்தான் நம்பி நுழையும் என்று ஆச்சி சொன்னார். அவர் இகுவானாவைப் பற்றி ஒரு வரியும் படித்தவரல்லர்.

சின்னவள் நாக்கை நீட்டி மண்ணைத் தொட்டாள். உள்ளே சென்றாள். விடியும்வரை மண் வெளியே தெறித்துக்கொண்டிருந்தது.

காட்டில் இவ்வினம் செய்வதும் அதுவே. பனாமா நாட்டின் காட்டூன் ஏரியில் ஒரு சிறு திட்டில், கோர்டன் பர்கார்ட், ஸ்டான்லி ராண்ட் முதலிய ஆய்வாளர்கள் மறைவிலிருந்து பல பருவங்கள் இகுவானாக்களைக் கவனித்தனர். அருகிலுள்ள பெரிய தீவிலிருந்து பெண்கள் நீந்திவந்து அத்திட்டின் திறந்த மண்வெளியில் வளை தோண்டும். நல்ல மண் சிறிதே உள்ளதால் இடத்திற்குப் போட்டி மிகுதி. ஆண்களைப்போலவே அப்போது பெண்களும் வாயைத் திறந்து மிரட்டும், கடிக்கும். ஆயினும் பல பெண்கள் ஒரே வளைப்பின்னலில் முட்டையிடும். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, மழை தொடங்கும் வேளையில், குஞ்சுகள் வளையின் வாயில் தலைகளை நீட்டிச் சுற்றிலும் பார்க்கும். பின்பு கூட்டமாகச் சேர்ந்து வெளியேறும். தனித்துச் செல்வதைவிட அதுவே பாதுகாப்பு. பெரியவனும் சின்னவளும் ஒருகாலத்தில் அத்தகைய குஞ்சுகளாய் இருந்தவைதாம்.

சின்னவள் இரண்டாம் நாள் மாலை டிரம்மிலிருந்து வெளிவந்தாள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, தோல் தொங்கியது. நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குச் சென்று நெடுநேரம் குடித்தாள். மண்ணைக் கையால் விலக்கியபோது வெள்ளை நிற முட்டைகள் வெளிப்பட்டன. ஓடு கடினமாக இல்லை. தோல்போல் வளைந்து கொடுத்தது. சிறுமி எண்ணினாள். இருபத்தேழு.

அன்றிரவு அந்த வீட்டில் நடந்த உரையாடல், கூண்டு வந்த நாளிலிருந்து நடந்தவற்றுள் கடினமானது. சிறுமி அவற்றைப் பொரிக்க வைக்க வேண்டும் என்றாள். வெப்பம் காக்கும் பெட்டி செய்யும் முறையை அவள் அதற்குள் படித்துவிட்டிருந்தாள். தந்தை மறுக்கவில்லை, கேள்விகளை மட்டும் கேட்டார். இருபத்தேழு குஞ்சுகளும் பிழைத்தால், மூன்று ஆண்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம். ஒன்றின் பார்வை ஒன்றின்மேல் படாமல் வைக்க எத்தனை அறைகள் வேண்டும்? தோழியர் வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்றாள். ஒவ்வொன்றையும் பதிவு செய்து, கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். அது ஒருபுறம் இருக்கட்டும், அந்த வீடுகளில் மார்கழி வராதா என்று கேட்டார். மிருகக்காட்சிச் சாலையில் விடலாம் என்றான் தம்பி. 1892 முதல் இயங்கிவரும் மைசூரு உயிரியல் பூங்கா புகழ்பெற்றதுதான். அதற்காக ஊரில் உள்ளோர் வேண்டாமென்று விடும் உயிர்களையெல்லாம் அது ஏற்றுக்கொள்ள முடியுமா? காரஞ்சி ஏரிக்கரையில் விட்டுவிட்டால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் விடை இருந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அவ்வாறு வெளியேறிய வளர்ப்பு இகுவானாக்கள் பெருகி, தோட்டங்களைத் தின்று, கால்வாய்க் கரைகளைக் குடைந்து, 2021இல் வளர்க்கவே கூடாத இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

தொலைபேசியில் கிடைத்த மருத்துவர், பொரிக்கும் எண்ணம் இல்லையென்றால் உள்ளே உயிர் வளரத் தொடங்குமுன், அன்றே உறைபனிப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது என்றார். முடிவைச் சிறுமியிடமே விட்டனர். அது சரியா என்பது ஐயத்திற்குரியது. பதின்மூன்று வயதிற்கு அது பெரிய சுமை. அவள் சின்னவளின் கூண்டருகே சென்று சற்று நேரம் நின்றாள். பின்பு முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மூன்று உறைகளில் இட்டுக் கட்டினாள். ஆச்சி குளிர்பதனப் பெட்டியிலிருந்த பால் பைகளை எடுத்து வெளியே வைத்தார். "இந்தப் பெட்டியிலே இனி நான் பால் வைக்கமாட்டேன்" என்றார், ஆனால் தடுக்கவில்லை. இரண்டு நாட்கள் கழித்து அவை செம்பருத்திச் செடியின் அடியில் புதைக்கப்பட்டன.

சித்திரையில் பெரியவனின் செம்மஞ்சள் நிறம் மங்கியது. தலையாட்டம் குறைந்தது. தந்தையின் கையிலிருந்து மறுபடியும் முருங்கைக் கீரையை மென்மையாக வாங்கித் தின்றது. இப்போது இரண்டையும் சேர்த்துவிடலாமே என்று மாமா எழுதிக் கேட்டார். சிறுமி அதற்கு எழுத்தில் விடை அனுப்பவில்லை. படம் ஒன்றை அனுப்பினாள். அதில் சின்னவள் தன் விளக்கின் அடியில், கிளையின் நடுவில், கால்களைப் பின்னுக்கு நீட்டிப் படுத்திருந்தாள். முதுகின்மேல் வெளிச்சம் முழுவதும் விழுந்திருந்தது. ஒரு கண் திறந்திருந்தது.

ஊருக்குப் புறப்படுமுன் ஆச்சி நீல டிரம்மைத் தாமே கழுவிக் காயவைத்தார். ஆண் அருகில் இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டும் முட்டை வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். டிரம்மின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் 'மாசி' என்று எழுதி, மழைநீர் தேங்காதபடி மாடியில் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.